உளுந்து வரும் கடல்

சென்னையில் உளுந்து மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் காலையில் முதலில் விசாரிப்பது யாங்கோன் விலையை. விஜயவாடா, விருதுநகர் எல்லாம் அப்புறம்தான். "எஃப்ஏக்யூ என்ன, எஸ்க்யூ என்ன" என்பதுதான் கேள்வி. முதலாவது சராசரித் தரம். இரண்டாவது மணி பருத்த, பொறுக்கிய தரம். பதில் டாலரில் வரும். சென்னை துறைமுகம் வந்து சேருகிற கணக்கில் ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று. இந்தியாவில் உளுந்து விலை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள டெல்லிக்காரர்களும் மும்பைக்காரர்களும்கூட இந்தச் சென்னை விலையைப் பார்க்கிறார்கள். நாம் இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக மியான்மரிலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது. அண்மையில் பிரேசில் உளுந்தும் உள்ளே வரத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் மண்டிகளில் இறக்குமதி உளுந்து என்றால் இன்றும் 'பர்மா உளுந்து' என்றுதான் பெயர்.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. கப்பலில் வந்த சரக்குக்குக் கஸ்டம்ஸில் கணக்குக் காட்டி, வரி கட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். பருப்பு வகைகள் எங்கள் கைவழியாக நிறையப் போகும். அதனால், வங்கக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் பொருளாதாரக் கூட்டுறவு என்று செய்தியில் வந்தால், எனக்கு அது வெளியுறவுத் துறை சமாசாரமாகத் தோன்றுவதில்லை. அடுத்த மாதம் எத்தனை கன்டெய்னர் பெட்டி வரும், அதை வெளியே எடுக்க எத்தனை நாள் ஆகும் என்கிற கேள்வியாகத்தான் தோன்றும். இந்தக் கூட்டுறவைப் பற்றித் தமிழில் பேச்சே குறைவாக இருக்கிறது என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். கல்கத்தாக்காரர்களும் வடகிழக்கு மாநிலத்தவர்களும் பேசுகிற அளவுக்கு நாம் பேசுவதில்லை. சென்னையிலிருந்து யாங்கோன் நேர்க்கோட்டில் சுமார் 1,750 கிலோமீட்டர். டெல்லியும் கிட்டத்தட்ட அதே தூரம்தான்.

அந்தக் கூட்டுறவு அமைப்பின் பெயர் பிம்ஸ்டெக். 1997 ஜூன் 6 அன்று பாங்காக்கில் வங்கதேசம், இந்தியா, இலங்கை, தாய்லாந்து என்று நான்கு நாடுகள் சேர்ந்து ஆரம்பித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மியான்மர் சேர்ந்தது. 2004-இல் நேபாளமும் பூட்டானும் வந்தன. ஏழு நாடுகள், சுமார் 170 கோடி மக்கள். தடையற்ற வர்த்தகப் பகுதிக்கான சட்டக ஒப்பந்தம் 2004 பிப்ரவரியில் தாய்லாந்தின் புக்கெட்டில் கையெழுத்தானது. இருபது ஆண்டு தாண்டியும் அது நடைமுறைக்கு வரவில்லை. அமைப்புக்கு நிரந்தரச் செயலகம் கிடைத்ததே 2014-இல், டாக்காவில். சாசனம் 2022 மார்ச்சில் ஏற்கப்பட்டு 2024 மே மாதம்தான் அமலுக்கு வந்தது. இதுவரை நடந்த உச்சி மாநாடுகள் ஆறு. கடைசியாக நடந்தது 2025 ஏப்ரலில், அதுவும் பாங்காக்கில். மியான்மரைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த அதிர்வில் பாங்காக்கிலேயே கட்டி முடிக்காத உயரமான கட்டடம் ஒன்று இடிந்து விழுந்திருந்தது.

இந்த வேகத்தைப் பார்த்து, இது பேருக்கு இருக்கும் அமைப்பு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலைச் சுற்றி வியாபாரம் ஏற்கெனவே நடக்கிறது, நிறையவே நடக்கிறது. அதற்கு அரசாங்கங்கள் செய்ய வேண்டிய முதல் உதவி, விதியை மாற்றுவதென்றால் முன்கூட்டியே சொல்லி மாற்றுவது. வரிச்சலுகை எல்லாம் அப்புறம். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. உளுந்து மூட்டையைப் பார்த்துச் சொல்கிறேன்.

மணலி, மாதவரம் பக்கம் இருக்கிற கன்டெய்னர் நிலையங்களில் ஒரு பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பெட்டியின் முத்திரையை வெட்டிக் கதவைத் திறந்ததும் யாரும் உடனே உள்ளே போவதில்லை. புகையூட்டிய மருந்தின் நெடி போகட்டும் என்று கொஞ்ச நேரம் விடுவார்கள். உள்ளே பர்மிய எழுத்து அச்சடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்குகள் கூரை முட்ட இருக்கும். ஆள் ஒருவர் குத்தூசியை மூட்டையின் அடிப்பக்கமாகச் செருகி இழுப்பார். கைநிறையக் கருப்பு உளுந்து வந்து விழும். மாதிரிப் பையில் போடும் முன்பு நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பது பழக்கம். 'டக்'கென்று உடைந்தால் சரி. பல் அமுங்கினால் ஈரம், வாங்குகிறவர் விலை குறைப்பார். அப்புறம் உள்ளங்கையில் பரப்பிக் கல், மண், வண்டு அரித்த மணி பார்ப்பார்கள்.

எடுத்த மாதிரிப் பை இரண்டு வழியாகப் போகும். பூச்சி, நோய் பார்க்க மீனம்பாக்கத்தில் இருக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் ஒரு பக்கம். சாப்பிடத் தகுந்ததா என்று பார்க்கும் உணவுப் பாதுகாப்பு ஆய்வகம் இன்னொரு பக்கம். யாங்கோனில் ஏற்றும்போதே அந்த நாட்டு வேளாண் துறை பரிசோதித்து, பூச்சியும் நோயும் இல்லை என்று பைட்டோசானிட்டரி சான்று கொடுத்திருக்கும். இங்கே அதையும் வாங்கி வைத்துக்கொண்டு மறுபடியும் பார்ப்போம். பார்ப்பதில் தவறில்லை. ஆனால் நீண்ட விடுமுறை குறுக்கே வந்தால் கப்பல் கம்பெனி கொடுத்த இலவச நாட்கள் தீர்ந்துபோகும். அப்புறம் பெட்டிக்குத் தினவாடகை ஓட ஆரம்பிக்கும். அந்தப் பணம் கடைசியில் போய் ஏறுவது கிலோ உளுந்தின் விலையில். ஒரு நாட்டு ஆய்வகத்தின் சான்றை இன்னொரு நாடு ஏற்பது என்று ஏழு நாடுகளும் ஒரு முடிவுக்கு வந்தால் எங்கள் வேலையில் பாதி குறையும். குறையட்டும், எனக்கு மகிழ்ச்சிதான்.

இனி 2017-க்கு வருகிறேன். 2015-16 வறட்சியில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது பலருக்கும் நினைவிருக்கும். உளுந்தும் அதே வழியில் ஏறியது. வெளிநாடுகளில் பயிரிட வைத்தாவது பருப்பு கொண்டுவருவோம் என்று அரசு மொசாம்பிக்கோடு 2016-இல் ஒப்பந்தம் போட்டது. விலையைப் பார்த்து மியான்மர் விவசாயிகளும் பயறு வகைகளில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு நம் நாட்டிலேயே மழை நன்றாகப் பெய்து வரலாறு காணாத விளைச்சல். நம் விவசாயிகளுக்கு ஆதார விலைகூடக் கிடைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் அரசு கதவைச் சாத்தியது. துவரை ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன், அதற்கு மேல் வரக்கூடாது. மியான்மரில் விலை பாதாளத்துக்குப் போனது. அங்கே சாதாரண வீட்டுச் சமையலில் உளுந்துக்குப் பெரிய இடம் கிடையாது. நமக்காகவே விளைவிக்கிற பயிர் அது. நாம் வாங்காவிட்டால் அதை என்ன செய்வது?

இந்தப் பக்கமும் அடி விழுந்தது. சரக்குக்கு முன்பணம் அனுப்பியவர்கள், பெட்டி கப்பலில் ஏறிவிட்டவர்கள் எல்லாம் தவித்தார்கள். அப்புறம் சில ஆண்டுகள் பருப்பு மில்காரர்களுக்கு மட்டும் உரிமம், அதிலும் அளவு, அந்த அளவும் நடுவில் மாறும் என்று போனது. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு விருதுநகர் அண்ணாச்சி இருக்கிறார். அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்வது இதுதான்: "தம்பி, வரி போடணும்னா போடட்டும். போடப் போறோம்னு முன்னாடியே சொல்லிட்டுப் போடட்டும். கடல்ல மிதக்குற சரக்குக்கு நான் என்ன விலை சொல்லுவேன்?"

ஆனால் அண்ணாச்சி கணக்கை மட்டும் பேசினால் நியாயமாகாது. என் சித்தப்பா மன்னார்குடி பக்கம் விவசாயம் பார்க்கிறார். சம்பா, தாளடி அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, வயலில் ஈரம் காயுமுன், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, உழுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான். இப்போது அறுவடை இயந்திரம் இறங்கி முளைவிட்ட செடிகளை நசுக்கிவிடுகிறது என்பது தனிக் கவலை. பிழைத்தது மார்ச், ஏப்ரலில் களத்துக்கு வரும். "உங்க ஹார்பர்ல கப்பல் வந்து நின்னாலே எங்க ஊரு வியாபாரி விலைய இறக்கிடுறான்டா" என்று சித்தப்பா என்னிடம் சொல்லும்போது எனக்குப் பதில் இருக்காது. உளுந்துக்கு ஆதார விலை 2024-25-இல் குவிண்டாலுக்கு 7,400 ரூபாய், 2025-26-இல் 7,800 ரூபாய். அறிவிப்பு அறிவிப்புதான். களத்தில் வந்து அந்த விலைக்கு எடுக்க ஆள் வேண்டும்.

மியான்மரில் எப்படி விளைகிறது என்று விசாரித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாகோ, ஐராவதி வட்டாரங்களில் மழைக்கால நெல்லை அறுத்த பிறகு, அக்டோபர் கடைசியிலிருந்து, அதே வயலின் மிச்ச ஈரத்தில் உளுந்தை விதைக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் அறுக்கிறார்கள். காவிரி டெல்டாவில் செய்வதும் ஐராவதி டெல்டாவில் செய்வதும் கிட்டத்தட்ட ஒரே வேலை. சரக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகிறது. சிக்கலே இங்கேதான். தீர்வும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. மார்ச் நடுவிலிருந்து மே முடிய இறக்குமதிக்கு ஒரு வரி இருக்கட்டும். சித்தப்பா தன் உளுந்தை நல்ல விலைக்கு விற்கட்டும். ஜூன் முதல் வரி இல்லாமல் வரட்டும்; சென்னையில் மாவு அரைக்கிறவர்கள் தீபாவளி வரை கவலையில்லாமல் இருக்கலாம். ஆனால் இதை செப்டம்பரிலேயே, பாகோ விவசாயி விதையைக் கையில் எடுக்கும் முன்பே அறிவிக்க வேண்டும். அப்போது எவ்வளவு விதைப்பது, எவ்வளவு நாள் கிடங்கில் வைப்பது என்று அவரும் முடிவு செய்வார்.

நடப்பது என்ன? 2021 மே மாதம் உளுந்து இறக்குமதி மறுபடி திறந்துவிடப்பட்டது. அந்த ஜூனில் மியான்மரோடு புரிந்துணர்வு ஒப்பந்தமும் ஆனது. ஐந்து ஆண்டுகளுக்கு, 2025-26 வரை, ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வியாபாரிகள் மூலம் வாங்குவோம் என்று. இது நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஐந்து ஆண்டு வாக்கு என்பது பயறு வியாபாரத்தில் பெரிய விஷயம். ஆனால் தடையில்லா இறக்குமதிக்கான அனுமதி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்பட்டே வந்தது. 2025 மார்ச் 31-இல் முடிய வேண்டியது, அந்த மார்ச்சில்தான் இன்னும் ஓராண்டுக்கு நீண்டது. அதற்குள் பாகோவில் அறுவடை ஆகிவிட்டிருக்கும்.

நம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நாம் கொடுக்கும் அதிர்ச்சியும் உண்டு. 2019 செப்டம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் திடீரென்று நிறுத்தியது. வங்கதேசத்தில் விலை எகிறியது. அடுத்த மாதம் டெல்லி வந்த அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா, வெங்காயம் போடாமல் சமைக்கும்படி தன் சமையல்காரரிடம் சொல்லியிருப்பதாக மேடையிலேயே சொன்னார். சபை சிரித்தது. அதன் அடியில் இருந்த மனவருத்தம் உண்மையானது. 2023 டிசம்பரில் மறுபடி அதே தடை. இலங்கையின் கதை வேறு விதம். 2020-இல் அங்கே மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் விலை தாறுமாறாக ஏறி, நம் ராமேஸ்வரம், மண்டபம் கரைகளிலிருந்து மூட்டை மூட்டையாக மஞ்சள் கடத்தப்பட்டது. சட்டப்படி வர முடியாத சரக்கு இரவில் படகேறிப் போனது. சமையலறையில் தேவை இருக்கும்வரை சரக்கு ஏதாவது வழியில் போய்ச் சேரத்தான் பார்க்கும்.

கப்பல் விஷயத்துக்கு வருவோம். பெட்டிக்கு நேரடிக் கப்பல் கிடைக்காதபோது யாங்கோன் சரக்கு முதலில் தெற்கே சிங்கப்பூருக்கோ மலேசியாவின் போர்ட் கிளாங்குக்கோ இறங்கி, அங்கே வேறு கப்பல் மாறி, மறுபடி வங்கக் கடலைத் தாண்டி நம்மிடம் வரும். நேர்கோட்டில் வரக்கூடியது ஒரு பெரிய முக்கோணம் சுற்றுகிறது. நேரடிச் சேவைகள் அவ்வப்போது வரும்; சரக்கு போதவில்லை என்று நிற்கும். இறக்குமதி விதி நிலையாக இருந்தால் சரக்கு நிலையாக இருக்கும். சரக்கு நிலையாக இருந்தால்தான் கப்பல் கம்பெனி அட்டவணை போடும். அடுத்த மாதம் கதவு திறந்திருக்குமா என்று தெரியாத வழியில் யார் கப்பல் விடுவார்கள்?

நம்பிக்கை தரும் ஒரு சம்பவமும் என் கண்முன் நடந்தது. 2017 அக்டோபரில் அசோக் லேலண்ட் லாரிகள் 185, சென்னை துறைமுகத்திலிருந்து ரோ-ரோ கப்பலில் வங்கதேசத்தின் மோங்லா துறைமுகத்துக்குப் போயின. லாரி தானே ஓடி ஏறி, தானே ஓடி இறங்கும் கப்பல் அது. அதற்கு முன் ஒவ்வொரு லாரியையும் ஒரு டிரைவர் ஆந்திரா, ஒடிசா தாண்டிப் பெட்ராபோல் எல்லை வரை ஓட்டிப் போய், பெனாபோல் பக்கம் கடக்க வரிசையில் நாட்கணக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். புத்தம்புதிய லாரி அங்கே சேரும்போது ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். இது முடிந்ததற்குக் காரணம் 2015-இல் இரு நாடுகளும் போட்ட கடலோரக் கப்பல் ஒப்பந்தம். அதே மாதிரி ஓர் ஏற்பாட்டைத்தான் ஏழு நாடுகளுக்கும் விரிக்க வேண்டும் என்று பிம்ஸ்டெக் நெடுங்காலம் பேசியது. 2025 பாங்காக் மாநாட்டை ஒட்டிக் கடல் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானபோது எங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. நான் கவனித்தேன், உள்ளபடியே சந்தோஷப்பட்டேன்.

பர்மா என்றதும் சென்னையில் பர்மா பஜாரும், பர்மிய நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடையும் பேச்சுக்கு வந்துவிடும். வரட்டும். ஆனால் அந்த நினைவில் நாம் வசதியாக விட்டுவிடும் ஒரு பக்கமும் உண்டு. 1930-களின் விலைவீழ்ச்சியில் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த அந்த நிலப்பங்கு 1937-இல் 25 சதவீதம் ஆனது. 1960-களில் கடைகள் நாட்டுடைமையாகி நம் மக்கள் கப்பலேறித் திரும்பிய துயரம் எவ்வளவு உண்மையோ, அதற்கு முன் அங்கே தன் நிலத்திலேயே குத்தகைக்காரர் ஆனவரின் துயரமும் அவ்வளவு உண்மை. எதிர்க்கரை விவசாயி நம்மை நம்ப வேண்டும் என்றால் இதையும் நினைவில் வைத்துத்தான் நாம் வாக்குக் கொடுக்க வேண்டும்.

2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பின் எல்லாமே கடினமாகிவிட்டது. ஏற்றுமதியில் வரும் டாலரை அரசு வைத்த விலையில் மாற்ற வேண்டும் என்று அங்கே கட்டாயம் வந்ததில் விவசாயியின் கைக்கு வரும் காசு சுருங்கியது. 2024 ஜனவரியில் ரூபாய்க்கும் மியான்மர் நாணயமான கியாட்டுக்கும் நேரடியாகக் கணக்குத் தீர்க்கும் வழி திறக்கப்பட்டது. மியான்மர் வழியாகக் கடலும் ஆறும் சாலையுமாக நம் வடகிழக்கு மாநிலங்களை எட்டும் கலாதான் திட்டத்தில் இந்தியா கட்டிய சித்வே துறைமுகத்துக்கு 2023 மே மாதம் கல்கத்தாவிலிருந்து முதல் சரக்குக் கப்பல் போனது. எட்டு மாதத்தில், அந்த வழியின் நடுவே இருக்கும் பலேத்வா ஊர், ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அரக்கான் படையின் கைக்குப் போய்விட்டது. இப்படிப்பட்ட நாட்டோடு வியாபாரமா என்று கேட்கிறவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உளுந்தை விதைத்தவர் ராணுவத் தளபதி இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே சந்தையை நாமும் அடைத்தால் அவருக்குப் போக்கிடமில்லை. வாங்குவோம், அவர் கைக்குப் பணம் நியாயமாகப் போகிறதா என்பதையும் பேச்சுவார்த்தையில் விடாமல் கேட்போம். பிம்ஸ்டெக்கின் துறைப் பங்கீட்டில் வேளாண்மையும் உணவுப் பாதுகாப்பும் மியான்மர் பொறுப்பில்தான் இருக்கின்றன. பேசுவதற்கு மேசை இல்லாமல் இல்லை.

இதில் சென்னைக்கு என்ன இடம்? பிம்ஸ்டெக்கின் வானிலை மையம் நொய்டாவில், எரிசக்தி மையம் பெங்களூருவில். இரண்டு ஊரிலும் கடல் இல்லை. இங்கே அபிராமபுரத்தில் வங்கக் கடல் திட்டத்தின் தலைமையகம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1979-இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு சென்னையில் ஆரம்பித்த மீன்வளத் திட்டம் அது. அலை உடையும் கரையில் துறைமுகம் இல்லாமலே இறக்கி ஏற்றக்கூடிய ஃபைபர் படகுகளை அது மீனவர்களோடு சேர்ந்து வடிவமைத்துப் பார்த்தது. 2003-இல் இந்தியா, வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றின் அரசுகளுக்கிடையேயான அமைப்பாக மாறி இன்றும் இயங்குகிறது. நெருக்கடியில் நம் துறைமுகம் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதையும் பார்த்தோம். 2022-இல் இலங்கை தவித்தபோது, தமிழக அரசு கொடுத்த 40,000 டன் அரிசியில் முதல் 9,000 டன், பால்பவுடரோடும் மருந்துகளோடும் மே 18 அன்று இங்கிருந்துதான் கிளம்பியது. அன்று முழுக்கத் துறைமுகப் பக்கம் எல்லார் பேச்சும் அந்தக் கப்பல்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மியான்மருடனான புரிந்துணர்வு ஒப்பந்தத்தை அடுத்த ஐந்தாண்டுக்கு எழுதும்போது டன் கணக்கோடு ஒரு தேதியையும் சேர்க்கலாம். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முடிவதற்குள் அடுத்த பருவத்தின் வரி, அளவு, காலம் மூன்றும் அறிவிக்கப்படும் என்று. அந்த முடிவை எடுக்கும் கூட்டத்தில் யாங்கோன் ஏற்றுமதியாளரும் விருதுநகர் மில்காரரும் இருப்பார்கள், அது எனக்குத் தெரியும். மன்னார்குடியிலிருந்தும் ஒருவரைக் கூப்பிட வேண்டும். முடிந்தால் கூட்டத்தைச் சென்னையில் வைக்கட்டும். ஜனவரியில் மட்டும் வேண்டாம், அப்போது சித்தப்பா உளுந்து தெளித்துக்கொண்டிருப்பார்.